பாதி ஏரோப்ளேன்

உட்காருங்கள் சார். அந்த ஸ்டூல் வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இந்த நாற்காலிக்கு வாருங்கள். உங்கள் அப்பா படத்தைப் பெரிதாக்க எப்படியும் கொஞ்ச நேரம் ஆகும். கம்ப்யூட்டர் இப்போதுதான் கண் விழிக்கிறது. அதற்கும் வயதாகிவிட்டது, எனக்கும் வயதாகிவிட்டது. நாங்கள் ஒருவரை ஒருவர் அவசரப்படுத்துவதில்லை.

என்ன பார்க்கிறீர்கள், அந்தப் படத்தையா? எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள். வயதான ஒரு அம்மா, பிளைவுட் ஏரோப்ளேனில் ஏறி எழுந்து நின்றுகொண்டு, வாய்விட்டுச் சிரிக்கிறார். அடுத்து என்ன கேட்கப் போகிறீர்கள் என்பதும் தெரியும். ஓரத்தில் ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கிறதே, அது யார் கை, அதை ஏன் வெட்டி எறியாமல் மாட்டியிருக்கிறீர்கள், அதுதானே?

நியாயமான கேள்வி. அறந்தாங்கியில் 'டச்சப் சபாபதி' என்று கேட்டுப் பாருங்கள். கல்யாணப் பெண்ணின் பருவை எடுத்தவன் நான். மாப்பிள்ளைக்கு இல்லாத மீசையை வைத்தவன் நான். ஒன்றரைக் கண்ணை நேராக்கி ஒரு பெண்ணுக்கு வரன் முடித்துக் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் வந்து சண்டை போட்டார்கள், அது வேறு கதை. அப்படிப்பட்டவன் ஒரு கையை விட்டுவைப்பானா?

சொல்கிறேன். ஆனால் அந்தக் கையைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் ஒரு பல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல்லைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் ஏரோப்ளேன்.

அதோ அந்த மூலையில் நிற்கிறது பாருங்கள். மதுரைப் பொருட்காட்சியில் பார்த்துவிட்டு வந்து, நம் ஊர்த் தச்சர் ஒருவரைப் பிடித்துச் செய்தேன். முன்பக்கம் மட்டும்தான் ஏரோப்ளேன். பின்பக்கம் ஒரு பெஞ்சு, இரண்டு முட்டுக்கட்டை. மூக்கில் சுற்றுவது பழைய மேஜை விசிறியின் இறக்கை. பின்னால் மேகம் வரைந்த திரை. அந்தக் காலத்தில் காதுகுத்தா, பிறந்தநாளா, எல்லாக் குழந்தையும் அதில் ஏறிப் பறந்திருக்கிறது. இந்த ஊரில் பாதிப் பேர் என் தயவில்தான் முதன்முதலில் விமானம் ஏறினார்கள்.

இளஞ்சேரனும் அப்படித்தான் வந்தான். ஒன்பது வயது. சத்துணவு அமைப்பாளராக இருந்த தையல்நாயகி அக்காவின் ஒரே பிள்ளை. அப்பா கிடையாது, முன்பே இறந்துவிட்டார். பொங்கலுக்கு எடுத்த புதுச்சட்டையோடு அக்கா கூட்டிக்கொண்டு வந்தார்.

பையன் ஏரோப்ளேனை ஒரு சுற்று சுற்றி வந்தான்.

"மாமா, இதுக்கு பெட்ரோல் எங்க ஊத்துவீங்க?"

"நீ சிரிச்சா அதுவே கிளம்பிடும். ஏறு."

"பின்னாடி ஒண்ணுமே இல்லையே. பாதி ஏரோப்ளேன்தான் இருக்கு. மீதியை யாருக்கு வித்தீங்க?"

"ஏறி உட்காருடா. எழுந்து மட்டும் நிக்காதே."

நன்றாகக் கவனியுங்கள் சார். எழுந்து நிற்காதே என்று நான் சொன்னேன். சொல்லிவிட்டுத்தான் காமெராவுக்குப் போனேன். அப்போது என்னிடம் இருந்தது மூன்று கால் பெட்டிக் காமெரா. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுத்தான் பார்க்க வேண்டும். உள்ளே கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். நான் துணிக்குள் இருக்கிறேன். பையன் எழுந்து நிற்கிறான். ஏரோப்ளேனின் முன்பக்கத்தை எட்டிப் பார்க்கிறான், மீதிப் பாதி அங்கே இருக்கிறதா என்று. அப்புறம் தலைகுப்புற விழுகிறான். எனக்குக் கண்ணாடியில் எப்படித் தெரிந்தது தெரியுமா? அவன் சர்ரென்று மேலே போவது போலத் தெரிந்தது. சத்தியமாக, பையன் பறக்கிறான் என்றே ஒரு கணம் நினைத்தேன்.

துணியை விட்டுத் தலையை எடுப்பதற்குள் தரையில் கிடந்தான். முன்பல் ஒன்று பாதி போய்விட்டது. வாயெல்லாம் ரத்தம். எழுந்து அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடினான். நான் அக்காவிடம் உடனே சொன்னேன். "எழுந்து நிக்காதேன்னு நான் சொன்னேன்க்கா." அக்கா அவன் வாயைத் துடைத்துக்கொண்டே, "சொன்னீங்க தம்பி" என்றார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசவும் முடியாது, ஏனென்றால் நான் சொல்லியிருந்தேன்.

அன்றிலிருந்து அந்தப் பையன் எனக்கு ஒரு தொல்லை. போட்டோ எடுக்க வரும்போதெல்லாம் அக்கா "வாயை மூடு" என்பார். உடைந்த பல் தெரியக்கூடாதாம். அவன் மூடுவான். மூடிக்கொண்டு கன்னத்தை உப்ப வைப்பான். பத்தாம் வகுப்புக்கு எடுத்த பாஸ்போர்ட் படத்தில் பலூன் விற்கிறவன் மாதிரி இருக்கிறான். கல்லூரி, அப்புறம் கடற்படைத் தேர்வு, எல்லாப் படத்திலும் வாய் பூட்டியே இருக்கும். அடைத்துக்கொள்ளேன்டா, பல் டாக்டர் அரை மணியில் செய்வார் என்றால் கேட்க மாட்டான்.

"எதுக்கு மாமா? என் முதல் கிராஷ் இது. சர்வீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். ஒன்பது வயசுல, பிளைவுட் விமானத்துல, அறந்தாங்கி வான்வெளியில."

ஆமாம், கடற்படையில் பைலட் ஆகிவிட்டான். ஊரில் ஒருவருக்கும் இது பிடிபடவில்லை. கப்பல்காரனுக்கு எதற்கு விமானம் என்று டீக்கடையில் ஒரே சர்ச்சை. நானே கேட்டேன். "கப்பலுக்குக் கண்ணு வேணாமா மாமா? அதுதான் நாங்க" என்றான். லீவில் வந்தால் முதலில் இங்கேதான் வருவான். அந்தப் பிளைவுட்டுக்கு முன்னால் விறைப்பாக நின்று ஒரு சல்யூட். கடையில் வாடிக்கையாளர் இருக்கும்போதுதான் செய்வான். என் மானத்தை வாங்க வேண்டும், அதுதான் நோக்கம்.

ஒருமுறை நான் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து, என் கறுப்புப் பெயிண்டை எடுத்து ஏரோப்ளேன் மூக்குக்குக் கீழே ஒரு நங்கூரம் வரைந்துவிட்டான். "நேவி விமானம்னா நங்கூரம் இருக்கணும் மாமா." வருகிறவர்கள் எல்லாம் அது என்ன தூண்டில் முள் என்று கேட்டார்கள். இன்னமும் இருக்கிறது பாருங்கள். அழிக்கலாம் என்றுதான் இருக்கிறேன். கறுப்பு மேல் வேறு நிறம் அவ்வளவு சுலபமாக ஏறாது. தொழில் தெரிந்தவர்களுக்கு அது தெரியும்.

அப்புறம் ஒரு வருஷம். சண்டை எதுவும் நடக்காத வருஷம். பயிற்சிக்குப் போன விமானம், திரும்பி வரும் வழியில் கடலில் விழுந்துவிட்டது. இரண்டு பேர் இருந்தார்கள். தேடினார்கள். கப்பல் வைத்துத் தேடினார்கள். விமானத்தின் துண்டு ஒன்றிரண்டு கிடைத்தது. இவன் கிடைக்கவில்லை.

எரிக்கவும் இல்லை, புதைக்கவும் இல்லை. புரிகிறதா சார்? வீட்டுக்கு ஒன்றுமே வரவில்லை. கூட வேலை பார்த்த ஒரு மலையாளி அதிகாரி அவனுடைய டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குள் ஒரு கலர் போட்டோ. நிஜ விமானத்துக்குப் பக்கத்தில் நின்று, பறக்கிற உடையில், தலைக்கவசத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சிரிக்கிறான். வாயைத் திறந்து, பல் தெரியச் சிரிக்கிறான். அம்மா பக்கத்தில் இல்லாதபோது எடுத்த ஒரே படம் அதுதான் போல.

அக்கா அதைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். ஊர்க்காரர்கள் சேர்ந்து படத்திறப்பு வைத்திருந்தார்கள். "இதைப் பெருசாக்கிக் குடுங்க தம்பி. இது ஒண்ணுதான் இருக்கு, பாத்து" என்றார்.

பார்க்காமல் இருப்பேனா? அந்த மாதிரி ஒரு வேலையை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. முதலில் அந்தப் பல். ஊரே கூடிப் பார்க்கப் போகிற படத்தில் பாதிப் பல்லா? பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, ஒற்றை முடி பிரஷ்ஷில் வெள்ளை வாட்டர் கலரைத் தொட்டு, அந்தப் போட்டோ மேலேயே பல்லை முழுசாக்கினேன். பக்கத்துப் பல்லின் மஞ்சள் சாயல் கூட வரும்படி ஒரு துளி மண்நிறம் சேர்த்தேன். அப்புறம் அதைக் காப்பி எடுத்து, ஆள் உயரத்தில் பாதிக்குப் பெரிதாக்கி, தேக்குச் சட்டம் போட்டேன். அது தொழில் அழகு சார். வேறு ஒரு காரணமும் இல்லை. என் ஏரோப்ளேனில் விழுந்து உடைந்த பல் என்பதாலா அடைத்தேன்? யாராவது அப்படி நினைத்தால் அது தப்பு. நான்தான் எழுந்து நிற்காதே என்று சொன்னேனே.

படத்திறப்பு அன்று பெரிய கூட்டம். ஒரு பேச்சாளர், எதிரி விமானங்களை விரட்டி விரட்டி அடித்து வீரமரணம் எய்தினான் என்றார். பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "சண்டையே இல்லைங்க" என்றார். "இருந்திருந்தா அடிச்சிருப்பான்" என்று சொல்லிவிட்டு அவர் மேலே பேசினார். அப்புறம் தலைமை தாங்கியவர் திரையை இழுத்தார். அது ஆணியில் மாட்டிக்கொண்டது. அவர் இழுக்க, நான் ஓடிப் போய் எடுத்துவிட, படம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. "உயிரோட நிக்கிற மாதிரி இருக்கு" என்று நாலு பக்கமும் பேச்சு. கை கூடத் தட்டினார்கள். அங்கே தட்டக்கூடாதுதான். ஆனால் எனக்குத்தானே தட்டினார்கள், நான் தடுக்கவில்லை.

தையல்நாயகி அக்கா எழுந்து வந்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். படத்துக்கு வெகு பக்கத்தில் போய்ப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்து, சாதாரணக் குரலில் கேட்டார்:

"இது யார் வீட்டுப் பிள்ளை?"

துக்கத்தில் பேசுகிறார் என்று இரண்டு பெண்கள் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள். அவருக்கு ஒன்றும் இல்லை. என்னிடம் மட்டும், "நாளைக்குக் கடைக்கு வர்றேன்" என்றார்.

மறுநாள் வந்தார். நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே நாற்காலி.

"பல்லு எங்க?"

"அடைச்சிட்டேன்க்கா."

"யாரைக் கேட்டு?"

"இதுக்கெல்லாம் கேக்கணுமா? கல்யாணப் பொண்ணுக்குப் பரு எடுக்கறப்ப யாரைக் கேக்கறேன்?"

"பரு போறதுக்குன்னு வர்றது. பல்லு அப்படியா?"

நெகட்டிவ் இருந்தால் வேறு பிரதி போட்டுக்கொள்ளலாம் என்று, எஸ்.டி.டி. பூத்தில் நின்று அந்த மலையாளி அதிகாரிக்குப் பேசினோம். நெகட்டிவ் கழுவின கடையிலேயே தொலைந்துவிட்டதாம். ஆக, அவன் வாய் திறந்த படம் உலகத்தில் அந்த ஒன்றுதான். அதில் என் பல் இருக்கிறது.

நான் அசந்துவிடவில்லை. வைக்கத் தெரிந்தவனுக்கு உடைக்கத் தெரியாதா? பெரிய படத்தில் கறுப்பைத் தொட்டு அந்தப் பல்லை உடைத்தேன். அக்கா பார்த்தார்.

"எலி கடிச்ச தேங்காச் சில்லு மாதிரி இருக்கு."

அழித்துவிட்டு வேறு மாதிரி உடைத்தேன்.

"இது எங்க மாமனார் பல்லு."

மூன்றாவது முறை நானே நன்றாக இருப்பதாக நினைத்தேன். அக்கா ரொம்ப நேரம் பார்த்தார். "சபாபதி, நீங்க புதுசா உடைக்க வேணாம். வெச்சதை எடுங்க. அடியில அவன் பல்லு இருக்குல்ல?" என்றார்.

இருக்கிறது. அக்கா கொடுத்த சின்னப் படத்தில், நான் வைத்த வெள்ளைக்கு அடியில். ஆனால் அதை எடுப்பது லேசான காரியமா? போட்டோவின் மேல் பூச்சு ஈரம் பட்டால் ஊறிவிடும். ஊறியதைத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். "பல்லு மட்டும் வராதுக்கா. உதடும் சேந்து வந்துடும். அப்புறம் உங்களுக்கு இதுவும் இருக்காது. இப்படியே இருக்கட்டுமே, எல்லாரும் அழகா இருக்குன்னுதானே சொல்றாங்க. அந்த உடைஞ்ச பல்லு எதுக்கு உங்களுக்கு?"

அக்கா அந்த மூலையைப் பார்த்தார். ஏரோப்ளேனை.

"அதுலேருந்து விழுந்தான். எழுந்து அழுதுக்கிட்டே எங்கிட்ட வந்தான். வாயெல்லாம் ரத்தம். ஆனா வந்தானில்ல."

"எழுந்து நிக்காதேன்னு நான் அப்பவே சொன்னேன்க்கா" என்றேன்.

"சொன்னீங்க தம்பி" என்றார்.

அதற்குமேல் என்னால் மறுக்க முடியவில்லை. மேஜை விளக்கைப் போட்டேன். தீக்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றினேன். இந்த வேலைக்குத் தண்ணீர் ஆகாது, அதிகமாக ஊறும். பழைய டச்சப் ஆட்கள் எல்லாம் எச்சில்தான் வைப்பார்கள். அளவாக நனையும், மெதுவாகக் கரைக்கும். நானும் வழக்கம்போலப் பஞ்சை நாக்கில் வைக்கப் போனேன். போனவன் நிறுத்திவிட்டேன். இறந்துபோன பிள்ளையின் படம். அம்மா எதிரில் இருக்கிறார். எச்சில் பண்ணுவதா?

"என்ன தம்பி?"

சொன்னேன்.

"குடுங்க இங்க" என்று வாங்கினார். பஞ்சைத் தன் வாயில் வைத்து நனைத்தார். "எத்தனை நாள் இவன் மூஞ்சியை இப்படித் துடைச்சிருக்கேன். பள்ளிக்கூடம் போறப்ப வாசல்ல புடிச்சு நிறுத்தி, முந்தானையை நனைச்சு. ஓடுவான்." திருப்பி என்னிடம் கொடுக்கவில்லை. தானே குனிந்துகொண்டார்.

நான் பூதக்கண்ணாடியைப் பிடித்தேன். "அழுத்தாதீங்க. சுத்துங்க. ஒரே பக்கமா. போதும், எடுங்க, காயட்டும். இப்ப மறுபடி." அவ்வளவுதான் என் வேலை. அவர் பாட்டுக்குப் படத்திடம் பேசிக்கொண்டிருந்தார். "ஆடாம நில்லு. ஆடாம நில்லுடா. இதோ முடிஞ்சுது."

வெள்ளை கரைந்து பஞ்சில் ஏறியது. முதலில் ஒரு மூலை. அப்புறம் சாய்வாக ஒரு கோடு. நான் மூன்று முறை உடைத்தும் வராத அந்தச் சாய்வு. உதட்டில் ஒரு கீறல் இல்லை. பஞ்சை எடுத்துவிட்டு அக்கா நிமிர்ந்தார். அங்கே இருந்தான் அந்தப் பயல், பாதிப் பல்லோடு, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு. என்னைப் பார்த்துத்தான் சிரித்தான் சார், சந்தேகமே இல்லை.

அக்கா தீக்குச்சியை மேஜை மேல் வைத்தார். அப்புறம், "வாயை மூடுன்னு சொல்லிச் சொல்லியே..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். போகப் போகிறார் என்று நினைத்தேன். நேரே அந்த மூலைக்குப் போனார்.

"என்னை ஒரு போட்டோ எடுங்க. நான் ஏரோப்ளேன் ஏறினதே இல்லை."

"அக்கா, அது பசங்களுக்குச் செஞ்சது. தாங்காது."

"தாங்கற வரைக்கும் தாங்கட்டும்."

ஏறிவிட்டார். அப்போது என்னிடம் புதுக் காமெரா இருந்தது, கறுப்புத் துணி கிடையாது. சரி, உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தார். நான் காமெராப் பக்கம் திரும்பினேன். அடுத்த நிமிஷம் எழுந்து நிற்கிறார். பெஞ்சின் மேல், புடவையோடு. முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறார்.

"எழுந்து நிக்காதீங்கக்கா."

"இருங்க. அவன் என்னத்தைப் பாத்தான்னு பாக்கறேன்." எட்டிப் பார்த்தார். "ஏன் தம்பி, நெசமாவே பாதிதான் இருக்கு. மீதியை யாருக்கு வித்தீங்க?"

சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், அதுதான் அந்தச் சிரிப்பு. பிள்ளை எங்கிருந்து அதை வாங்கினான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

படத்தை வாங்க வந்தபோது, "என் மூஞ்சியில ஒரு சுருக்கத்தைக் கூடத் தொடக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நானும் தொடவில்லை. பிள்ளை படத்தை மறுபடி காப்பி எடுத்து, அதே தேக்குச் சட்டத்தில் போட்டுக் கொடுத்தேன். அது அவர் வீட்டில் இருக்கிறது. இது இங்கே இருக்கட்டும் என்று அவரே மாட்டச் சொன்னார்.

அந்தக் கையா? அதுதான் சொல்ல வந்தேன். அது என் கைதான். அந்தக் காமெராவில் டைமர் உண்டு. அதைத் தட்டிவிட்டு அக்கா பக்கம் வந்தேன், நகர்வதற்குள் எடுத்துவிட்டது. வேறு ஒன்றும் இல்லை. என்ன சிரிக்கிறீர்கள்? காமெராவுக்குப் பின்னால் நிற்க வேண்டியவனுக்கு டைமர் எதற்கு என்கிறீர்களா? அதெல்லாம் ஒரு தொழில் முறை சார். இப்போதும் யாராவது அதில் ஏறினால் நான் டைமர்தான் போடுகிறேன். ஏரோப்ளேனுக்குப் பக்கத்தில் நின்றால் எனக்கு வெளிச்சம் நன்றாகத் தெரிகிறது.

கம்ப்யூட்டர் வந்துவிட்டது. இதோ உங்கள் அப்பா. புருவத்துக்கு மேல் இருக்கிற தழும்பை எடுக்கச் சொன்னீர்கள், இல்லையா? ஒரு நொடி வேலை. அது எப்படி வந்த தழும்பு? தெரியாதா? வீட்டில் அம்மா இருக்கிறார்களா?

அப்படியானால் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். நான் சும்மா இருக்கிறேன். காலர் மட்டும் கொஞ்சம் கோணலாக இருக்கிறது, அதை வேண்டுமானால்... சரி, சரி. அதையும் கேளுங்கள்.